சீசன் எப்படி?

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்து, "சீசன் எப்படி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால், வெகு காலம் வரையில் அதற்கு ஒரே ஓர் அர்த்தந்தான் இருந்தது. மலை முகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றுத் திரும்பிவிட்டதா, சாரல் விழுகிறதா, பேரருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது - இத்தனை விசாரணையும் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கம். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக்காரன் எந்த ஊரில் போய் இறங்கினாலும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஒரு வாய்க் காப்பி குடிக்கலாம். குடும்ப க்ஷேமம் விசாரிப்பதெல்லாம் பிற்பாடு.

2008-ம் வருஷத்திலிருந்து அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தமும் வந்து சேர்ந்துகொண்டது. பங்குனியில் தொடங்கி வைகாசி வரையில் நடக்கிற கிரிக்கெட் திருவிழாவுக்கும் சீசன் என்றே பெயர். அருவிகள் வறண்டு, பாறை மட்டும் வெயிலில் மினுமினுத்துக் கொண்டிருக்கும் மாதங்களில் ஜனங்களுக்குப் பேச விஷயம் வேண்டாமா? யார் செய்த ஏற்பாடோ, ஒரு சீசன் முடிகிற சமயத்தில் மற்றது ஆரம்பிக்கிறது.

சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டிக்கு 2025-ம் வருஷம் ஆரம்பத்தில் நேர்ந்ததைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். "தென்காசியில் இருப்பவனுக்குச் சென்னைக் கோஷ்டியின் மேல் என்ன பாசம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோஷ்டியின் வேர் சென்னையில் இல்லை. எங்கள் சீமையின் சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் சேர்ந்து 1946-ல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார்கள். அதன் முதல் ஆலை திருநெல்வேலிக்குப் பக்கத்தில், தாழையூத்து சங்கர் நகரில், 1949-ல் புகைவிடத் தொடங்கியது. அந்தக் கம்பெனிதான் 2008-ல் 9 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்துச் சென்னைக் கோஷ்டியை ஏலத்தில் எடுத்தது. பிற்பாடு கோஷ்டி தனிக் கம்பெனியாகப் பிரிந்ததும், சிமெண்ட் கம்பெனியே 2024 டிசம்பரில் கைமாறியதும் வேறு கதை. எங்களுக்கென்னவோ அது தாழையூத்துப் பிள்ளைதான். பட்டணத்துக்குப் பிழைக்கப் போன பிள்ளையை ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாட மாட்டார்களா?

உள்ளூர்க் கோஷ்டி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீகில் நெல்லை ராயல் கிங்ஸ் என்று ஒன்று உண்டு. 2023-ல் அது இறுதி ஆட்டம் வரையில் வந்தது. அந்த ஆட்டமும் சங்கர் நகர் மைதானத்திலேயே நடந்தது. ஆனால் கோவைக் கோஷ்டியிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றுப் போனது. அதைப் பற்றி எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.

நான் ஆட்டம் பார்க்கிற இடம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். அதன் சொந்தக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. எழுபதைத் தாண்டியவர். சீசன் காலத்தில் அந்த லாட்ஜில் ஓர் அறை கிடைக்க வேண்டுமானால் அவருடைய தயவு வேண்டும். சித்திரை மாதத்திலோ பதினெட்டு அறையில் இரண்டு அறைக்கு ஆள் இருந்தால் அதிகம். முன் ஹாலில் பெரிய டெலிவிஷன், ஏழெட்டு நாற்காலி, தலைக்கு மேலே லொடலொடக்கும் மின்விசிறி. பூச்சி மருந்துக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் இரண்டு பேர், ரிட்டயரான தமிழாசிரியர் ஒருவர், நான், என் தங்கை மகன் - இதுதான் சபை. மருமகனுக்குப் பன்னிரண்டு வயசு. மஞ்சள் சட்டை போடாமல் வரமாட்டான்.

மார்ச் 23-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் மும்பையோடு முதல் ஆட்டம். ஆப்கானிஸ்தான் பையன் நூர் அகமது 18 ரன் கொடுத்து நாலு விக்கெட் எடுத்தான். மும்பை 155-ல் நின்றது. பதிலுக்கு ருதுராஜும் ரச்சின் ரவீந்திராவும் ஆளுக்கு ஓர் அரை சதம் அடித்தார்கள். நாலு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தாகிவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அன்றைக்கே ஒரு முள் தைத்துவிட்டது.

பத்தொன்பதாவது ஓவரில் ஜடேஜா ரன் அவுட் ஆனார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் கட்சி ஆட்டக்காரர், அந்தக் கோஷ்டிக்காக எத்தனையோ வருஷம் உழைத்தவர், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறார். மைதானமோ எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது! காரணம், அடுத்தபடியாக தோனி வருகிறார். எங்கள் லாட்ஜிலும் ஆட்டோக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார். தோனி இரண்டு பந்து ஆடினார். ரன் எதுவும் எடுக்கவில்லை. அடுத்த ஓவரின் முதல் பந்தை ரவீந்திரா சிக்ஸருக்கு அனுப்பி ஆட்டத்தை முடித்தார். அந்த சிக்ஸருக்கு விழுந்த கைதட்டல், ஜடேஜாவின் விக்கெட்டுக்கு விழுந்த கைதட்டலில் பாதி இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த மண்ணில் 'ரசிகன்' என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. ரசிகமணி என்று தமிழ்நாடே பட்டம் சூட்டிக் கூப்பிட்ட டி.கே. சிதம்பரநாத முதலியார் கடைசிக் காலத்தைக் கழித்தது இதே குற்றாலத்தில்தான். 1954-ல் மறைந்ததும் இங்கேதான். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடிக் கவிதை கேட்டவர்கள், ஒரே பாட்டை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர்கள் சொக்கிப் போகும்படி செய்ததைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. கம்பனை உயிராக மதித்த அதே மனிதர், "இது கம்பன் வாக்கு அல்ல" என்று தமக்குப் பட்ட பாட்டுக்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒதுக்கித் தள்ளினார். பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் செய்தது சரியா, தப்பா என்பது இங்கே நம் விசாரணை அல்ல. ரசிகன் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் அல்ல என்பதற்குத்தான் சொல்கிறேன். தன் கோஷ்டியின் விக்கெட் விழுந்ததற்குக் கைதட்டுகிறவனை என்னவென்று சொல்வது? பக்தன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பக்தியில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது வேறு இலாகா.

அந்தச் சபையில் அன்று உண்மையான ரசிகன் ஒருவன் இருந்தான். மும்பைக்காக விக்னேஷ் புத்தூர் என்று ஒரு பையன் பந்து போட்டான். மலப்புறத்து ஆட்டோ ஓட்டுநரின் மகன். கேரள மாநிலத்துப் பெரிய கோஷ்டிக்குக் கூட அதுவரையில் ஆடியதில்லை. முதல் ஆட்டத்திலேயே ருதுராஜ், துபே, ஹூடா மூவரையும் வீழ்த்தினான். இடது கையால், மணிக்கட்டைத் திருப்பிப் போடுகிற பந்து. ஹாலில் எல்லோரும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் மருமகன் மட்டும் சமையல்கட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, மூலையில் நின்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த அண்ணன் நல்லாப் போடுதாரு மாமா" என்றான் என் காதில், ரகசியமாக. மஞ்சள் சட்டையோடு உரக்கச் சொல்ல அவனுக்குப் பயம்.

ஆட்டம் முடிந்ததும் தோனி அந்தப் பையனின் தோளைத் தட்டிக்கொடுத்து ஏதோ பேசினார். அதுவும் டெலிவிஷனில் வந்தது. மருமகன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது சங்கடம். 28-ந் தேதி பெங்களூர்க் கோஷ்டி சேப்பாக்கத்துக்கு வந்து 50 ரன் வித்தியாசத்தில் அடித்துவிட்டுப் போனது. 2008-க்குப் பிறகு, பதினேழு வருஷமாக, அவர்கள் அங்கே ஜெயித்ததில்லை. நம்மவர்கள் கேட்சுகளைக் கோட்டை விட்ட அழகைப் பார்த்துத் தமிழாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அன்று தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார்! தோல்வி நிச்சயமான பிறகு பதினாறு பந்தில் 30 ரன் அடித்தார். கடைசி ஓவர் சிக்ஸர்களுக்கு ஊர் முழுக்கக் கொண்டாட்டம். இரண்டு நாள் கழித்து குவாஹாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. அப்புறம் டெல்லி, அப்புறம் பஞ்சாப். டெல்லியும் சேப்பாக்கத்தில் பதினைந்து வருஷமாக ஜெயிக்காத கோஷ்டிதான். பஞ்சாப் ஆட்டத்தில் பிரியான்ஷ் ஆர்யா என்ற இளைஞன் 42 பந்தில் 103 ரன் அடித்தான். அதைத் தோல்வி என்று சொல்வதைவிட ஒரு புதிய ஆட்டக்காரனின் உதயம் என்று சொல்வது நியாயம். ஆனால் தோற்கிறவன் வீட்டில் உதயத்தைப் பற்றி யார் பேச முடியும்?

காரணம் என்ன என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் அபிப்பிராயம் இது: 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில், நேற்றைய நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள். மற்ற கோஷ்டிகள் முதல் ஆறு ஓவரிலேயே வாணவேடிக்கை விடுகிற காலம் இது. நம்மவர்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தாத பெரிய மனிதர்களைப் போல, நிதானமாக வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் இலை எடுத்தாகிவிட்டது.

அண்ணாச்சி மட்டும் கலங்கவில்லை. "என்னவே, நாலு ஆட்டத்துக்கே இப்படிப் பதறுதீரு? ஜூன் பதினஞ்சு வரைக்கும் ஒரு சொட்டு விழாத வருசம் இருக்கு. அந்த வருசத்திலதான் ஆடியில நிக்காமக் கொட்டியிருக்கு. மொத பத்து நாளை வச்சு சீசனைச் சொல்லக்கூடாது" என்றார். ஐம்பது வருஷமாக மேகத்தைப் பார்த்துக் கடன் வாங்கிக் கடன் அடைத்த மனிதர் சொல்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

பதில் சொன்னது அவருடைய மகன். முப்பத்தைந்து வயசு இருக்கும். பெங்களூரில் வேலையாக இருந்து, 2020-ல் கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. லாட்ஜுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியதும், அறைகளை ஆன்லைனில் பதிவு செய்ய வழி செய்ததும் அவன்தான். ஆனால் கோவில்பட்டியிலிருந்தும் புனலூரிலிருந்தும் வருகிற பழைய வாடிக்கைக்காரர்கள் வாசலில் கால் வைத்ததும் கேட்பது, "அண்ணாச்சி எங்கே?" என்றுதான். சாவிக்கொத்தும் அண்ணாச்சி இடுப்பை விட்டு இறங்கியதில்லை. அவரால் மாடிப்படி ஏற முடியாமல் நாலு வருஷம் ஆகிறது; ஆனாலும் மாடி அறையைத் திறக்க வேண்டுமானால் மகன் கையை நீட்டிச் சாவி கேட்க வேண்டும்.

"தோனிக்கு முட்டி சரியில்ல, பத்து ஓவர் முழுசா நின்னு ஆட முடியாதுன்னு கோச்சே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கணும்? அந்த எடத்தில ஒரு சின்னப் பையன் வளரணும்லா?" என்றான் அவன்.

வாஸ்தவம். பயிற்சியாளர் பிளெமிங் அப்படித்தான் சொல்லியிருந்தார். 2023-லேயே தோனிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்திருந்தது.

"முட்டி போனா என்னலே? கை இருக்கு. கண்ணு இருக்கு. ஸ்டம்புக்குப் பின்னால அவனை மாதிரி நிக்க ஒருத்தனைக் காட்டு, பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

"பழக விட்டாத்தானப்பா நிக்க முடியும்?"

பூச்சி மருந்துக் கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். ஆட்டோக்காரர் செல்போனை எடுத்துக்கொண்டார். பேச்சு தோனியைப் பற்றியது அல்ல என்பது ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. இடுப்புச் சாவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் யார் பக்கம்? தோனியும் நானும் ஏறக்குறைய ஒரே வயசு. நாற்பத்து மூன்றில் மனிதனுக்கு முழங்கால் என்ன பாடு படுத்தும் என்பதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லலாம். எங்கேயாவது கூட்டத்துக்குப் போனால், இருபது வருஷத்துக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையைத்தான் வாசகர்கள் பிரஸ்தாபிக்கிறார்கள். "அந்த மாதிரி ஒண்ணு எழுதுங்க, சார்" என்கிறார்கள். கடைசி ஓவரில் சிக்ஸர் கேட்கிறார்கள்! போன வருஷம் வந்த நாவலைப் படித்தீர்களா என்று கேட்டால் அசடு வழியச் சிரிக்கிறார்கள். ஆகையால் அந்த ஆர்ப்பரிப்பு எவ்வளவு இனிமையானது, ஆட்டக்காரனுக்கு அதில் எவ்வளவு கெடுதல் இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒன்பதாவது ஆளாக இறங்குகிற நிலைமை வந்துவிட்டால் போய்விடுவதுதான் கௌரவம் என்பது என் கட்சி. ஆனால் போகிறேன் என்று சொல்கிறவனைப் போக விடுகிற ஜனங்களா நாம்? ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதனை வாசலில் மறித்துக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று கெஞ்சுகிறவர்களும் நாம்தானே!

ஏப்ரல் 11-ந் தேதி பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு எல்லோரும் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். பொங்கல் வைத்துக் கும்பிட்டு, சாயங்காலம் களைத்துப் போய்த் திரும்பினோம். முழங்கை எலும்பு முறிந்து ருதுராஜ் விலகிவிட்டார். தோனியே மறுபடியும் தலைமை ஏற்கிறார் என்று செய்தி வந்திருந்தது. சாஸ்தாவின் அருள் என்றார் ஆட்டோக்காரர். கல்கத்தாவோடு ஆட்டம். நம்மவர்கள் இருபது ஓவரில் ஒன்பது விக்கெட் இழந்து 103 ரன். சேப்பாக்கத்தில் சென்னை இவ்வளவு குறைவாக அதற்கு முன் எடுத்ததில்லை. தோனி ஒரே ஒரு ரன். கல்கத்தாக்காரர்கள் 10.1 ஓவரில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தொடர்ந்து ஐந்து தோல்வி. கோஷ்டியின் சரித்திரத்தில் அதுவும் முதல் தடவை. யாரும் திட்டவில்லை; திட்டுவதற்குக் கொஞ்சமாவது நம்பிக்கை பாக்கி இருக்க வேண்டும். மருமகன் பொங்கல் பிரசாதத்தைத் தூக்குச்சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப் போயிருந்தான்.

மூன்று நாள் கழித்துச் சித்திரை விஷு. வருஷப் பிறப்பும் அதுவுமாக லக்னோவில் ஜெயித்தார்கள். தோனி பதினோரு பந்தில் 26 ரன். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. "பாத்தியாலே?" என்று அண்ணாச்சி மகனைப் பார்த்துச் சிரித்தார். மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஆறு நாள் தாங்கியது. ஏப்ரல் 20-ல் மும்பையில் ஒன்பது விக்கெட்டில் தோற்றார்கள். அன்றுதான் ருதுராஜுக்குப் பதிலாக ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயசுப் பையனை இறக்கினார்கள். பதினைந்து பந்தில் 32 ரன். ஆரம்பத்திலேயே இவனைக் கொண்டுவந்திருந்தால் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணாச்சியும் சொன்னார். சொல்லிவிட்டு ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று நான் ஆராய்ச்சி செய்யப் போகவில்லை.

மீதிக் கதையை வளர்த்த வேண்டாம். பதினாலு ஆட்டத்தில் நாலு வெற்றி; பத்துக் கோஷ்டியில் பத்தாவது இடம். கடைசி இடம் என்பது அதுவரையில் சென்னைக்கு வாய்த்ததில்லை. அந்த வருஷம் நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, திருவனந்தபுரத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். சாம்சன் வந்ததில் மலைக்கு அந்தப் புறத்து வாடிக்கைக்காரர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஜடேஜா போனதற்கு, எங்கள் ஹாலில் அன்று நாற்காலி மேல் ஏறி விசில் அடித்த அதே ஆட்டோக்காரர்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மனசின் விசித்திரத்துக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

அந்த 2025-ல் இன்னொரு சீசன் அவசரமாக வந்துவிட்டது. மே 24-ந் தேதியே கேரளத்தில் பருவமழை இறங்கியது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அகமதாபாத்தில் நம் கோஷ்டிக்குக் கடைசி ஆட்டம். பழக்க தோஷத்தில் நான் லாட்ஜுக்குப் போனேன். மலை தெரியவில்லை, சாரல் முகத்தில் அடித்தது. ஹாலில் உட்கார இடம் இல்லை. என் நாற்காலியில் யாரோ ஒரு கொல்லத்து அம்மாள் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தாள். அருவியில் குளிக்க விடுவார்களா, மாட்டார்களா என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். டெலிவிஷனில் யாரோ பாட்டுச் சேனலை வைத்துவிட்டார்கள். மகன் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். சாவிக்கொத்து மேஜைமேல் கிடந்தது. இரண்டு பேரில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

"வாரும்வே, ஒரு கட்டன் சாயா குடியும்" என்றார் அண்ணாச்சி. ஸ்கோர் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. 230 ரன் அடித்து, 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டோம் என்று மருமகன் வந்து சொன்னபோது இரவு எட்டு மணி. சட்டை முழுக்கச் சேறு. மழையில் எங்கேயோ பந்து போட்டுவிட்டு வந்திருக்கிறான்.